ராகுவுக்கு மதம் எழுதிய ஆண்டு மலர்க் குழுவுக்கு

தலைவர் ஐயாவுக்கும் மலர்க் குழுவில் இருக்கும் ஐந்து பேருக்கும்,

பராபவ ஆண்டு மலர் சித்திரை முதல் நாளே என் கைக்கு வந்துவிட்டது. 14ஆம் பக்கத்தில் தொடங்கி 17ஆம் பக்கம் வரை ஓடும் 'சமயமும் பண்பாடும்: கிரகங்கள் காட்டும் மாற்றம்' என்ற கட்டுரையை மூன்று முறை படித்தேன். எழுதியவர் பெயர் போடவில்லை. அதனால் பொறுப்பு குழு முழுவதற்கும் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். செயற்குழுவில் வைத்துப் பேசிக்கொள்ளலாமே என்று செயலாளர் போனில் கேட்டுக்கொண்டார். மலர் கடலூரில் திருப்பாதிரிப்புலியூர் பூக்கடையிலிருந்து முதுநகர் இரும்புக்கடை வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ஊர் முழுக்கப் போன எழுத்துக்கு நான்கு சுவருக்குள் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் சோதிடர் சங்கத்தின் பெயரை மட்டும் இதில் எழுதவில்லை. யாருக்குச் சொல்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

கட்டுரை சொல்வது இவ்வளவுதான். கும்பத்தில் ராகு நிற்கிறார். ராகு மிலேச்ச காரகன், அதாவது அந்நியரைக் குறிக்கும் கிரகம், ஆகவே முஸ்லிம்கள். எதிரே சிம்மத்தில் கேது. கேது என்றால் கிறித்தவர்கள். சனி குருவின் வீடான மீனத்துக்குப் போய்விட்டார். ஆகவே நம் சமயத்துக்குச் சோதனைக் காலம். இதிலிருந்து வரும் பலன்: மதமாற்றம் பெருகும், கலப்பு மணம் கூடும், குலதெய்வ வழிபாடு குன்றும், 'கூட்டு வியாபாரத்திலும் வீட்டு வாடகையிலும் அந்நிய சமயத்தாரிடம் எச்சரிக்கை தேவை'. கடைசியில் வழக்கம்போல ஒரு பரிகாரம், அதற்குத் தொடர்பு கொள்ள ஒரு தொலைபேசி எண்.

அந்த எச்சரிக்கை என்ன செய்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சித்திரை இரண்டாவது வாரத்தில் முதுநகரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவர் வந்தார். சட்டைப் பையில் நம் மலர், நான்காக மடித்தது. 16ஆம் பக்கத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தார். 22 வருடமாக அவருக்குக் கூட்டாளி ஒரு முஸ்லிம் நண்பர். 'ராகு பெயர்றதுக்குள்ள கணக்கை முடிச்சுப் பிரிஞ்சுடலாம்னு இருக்கேன், நல்ல நாள் பார்த்துக் கொடுங்க ஐயா' என்றார். பணத்தில் ஏதாவது பிசகா என்று கேட்டேன். ஒரு பைசா பிசகில்லை என்றார். தானே புயலில் கூரை பறந்தபோது, அதாவது 2011 டிசம்பர் 30ஆம் தேதி, இரவோடு இரவாகச் சரக்கைத் தன் வீட்டுக்கு மாற்றி வைத்தது அந்தக் கூட்டாளிதான் என்பதையும் அவரே சொன்னார். அப்புறம் எதற்குப் பிரிய வேண்டும்? 'புக்குல போட்டிருக்கே' என்றார்.

ஜாதகத்தைப் பார்த்தேன். மிதுன லக்னம். ஏழுக்குடைய குரு இரண்டாம் வீட்டில் உச்சம். கூட்டாளியால் தனம் என்று முதல் வருடம் படிக்கிற பையன்கூடச் சொல்லிவிடுவான். உபய லக்னத்துக்கு ஏழுக்குடையவன் பாதகாதிபதி, கெடுதல் செய்கிறவன் ஆயிற்றே என்று நம்மில் சிலர் ஆரம்பிப்பார்கள் என்று தெரியும். 22 வருடக் கணக்குப் புத்தகம் எதிரே இருக்கும்போது பாதகாதிபதியைப் பற்றி நான் ஏன் கவலைப்பட வேண்டும்? நாள் குறித்துக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். முழு நம்பிக்கையோடு போனதாகத் தெரியவில்லை.

அடுத்தது பாடலீஸ்வரர் கோயில் பக்கம் பூக்கட்டும் ஒரு அம்மா. பேரனுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்த காலத்திலிருந்து செவ்வாய்க்கிழமைதோறும் அந்தோணியார் கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வருவது அவர் வழக்கம். வந்து பாடலீஸ்வரருக்குத்தான் பூக்கட்டுவார். மருமகள் மலரைப் படித்துக் காட்டியிருக்கிறாள். 'நான் போனா அது மதம் மாறின கணக்காயா? கேது வேலைனு போட்டிருக்காமே' என்று கேட்டார். கிழவிக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது, ஆனால் வெட்கம்தான் முதலில் வந்தது. ஏனென்றால் அந்த மலரின் 3ஆம் பக்கத்தில், நிறுவனர்கள் வரிசையில், என் அப்பாவின் படம் இருக்கிறது.

சரி, நூலுக்கு வருவோம். ராகுவை மிலேச்சன் என்று சொல்லும் நூல்கள் உண்டு. அதே நூல்கள் குருவுக்கும் சுக்கிரனுக்கும் ஒரு சாதி, சூரியனுக்கும் செவ்வாய்க்கும் ஒரு சாதி என்று பிரித்து வைத்திருக்கின்றன. புதனுக்கும் சனிக்கும் எது என்பதில் நூலுக்கு நூல் சண்டை. அந்தப் பகுதியை நம் மலரில் அச்சிட உங்களுக்குத் துணிச்சல் உண்டா? கிடையாது. சனி இந்தச் சாதி, அதனால் அந்தச் சாதிக்காரரிடம் எச்சரிக்கை என்று எழுதினால் மறுநாள் காவல் நிலையத்தில் நிற்க வேண்டியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அப்படியானால் நூலில் இருப்பதையெல்லாம் நாம் எடுத்து ஓதுவதில்லை. ஓதுவது எது, விடுவது எது என்று நாம்தான் முடிவு செய்கிறோம். ராகுவுக்கு மதம் எழுதியதும் அப்படி ஒரு முடிவு. அதைக் கிரகத்தின் தலையில் போடாதீர்கள்.

மிலேச்சன் என்ற சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு தூரம் போனவர்கள் வராகமிகிரர் சொன்னதை ஏன் விட்டீர்கள் என்பது எனக்கு விளங்கவில்லை. யவனர்கள், அதாவது கிரேக்கர்கள், மிலேச்சர்தான், ஆனால் இந்தச் சாத்திரம் அவர்களிடம் நன்றாக நிலைபெற்றிருக்கிறது, அவர்களும் ரிஷிகளைப் போலப் போற்றத்தக்கவர்கள் என்று பிருகத் சம்ஹிதையில் எழுதியவர் அவர். ஆறாம் நூற்றாண்டு. நாம் தினமும் வாயில் போட்டுக்கொள்ளும் கேந்திரம், பணபரம், ஹோரை எல்லாம் கிரேக்கச் சொற்கள். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேட்டுக்குப் போய்ப் பாருங்கள். 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்த மேடு அது. அந்தச் சாடிகளைக் கொண்டுவந்த யவனக் கப்பல்களின் மொழியிலிருந்து வந்த சொற்களை வைத்துத்தான் நீங்கள் அந்நியர் ஊடுருவலுக்குப் பலன் எழுதியிருக்கிறீர்கள். வருஷபலன் போடும்போது முந்தா, இத்தசாலம் என்கிறோமே, அந்தத் தாஜிக முறை பாரசீகம், அரபு வழியாக வந்தது. ராகுவின் ஆட்கள் என்று நீங்கள் சொல்கிறவர்கள் கொடுத்த கணக்கு.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். மதங்கள் எழுவதையும் விழுவதையும் கிரகத்தை வைத்துச் சொல்வதற்கு உலகத்திலேயே விரிவான ஒரு முறையை எழுதி வைத்தவர் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் இருந்த அபூ மஃஷர் என்ற சோதிடர். குருவும் சனியும் சுமார் 20 ஆண்டுக்கு ஒருமுறை சேருகிறார்கள். அந்தச் சேர்க்கை ஒரே பூதத்துக்குரிய மூன்று ராசிகளிலேயே பல முறை சுற்றிவிட்டு அடுத்த பூதத்துக்கு மாறும். அப்படி மாறும்போது ஆட்சி மாறும், முழுச் சுற்று முடியும்போது புதிய மதம் எழும் என்பது அவர் கணக்கு. 240 ஆண்டு, 960 ஆண்டு என்று அளவும் வைத்திருந்தார்கள். நம் 60 வருடச் சுற்றும் இந்த இரண்டு பேரை வைத்துத்தான் நிற்கிறது: குரு ஐந்து சுற்று, சனி இரண்டு சுற்று, ஏறக்குறைய 60 ஆண்டு. ஆக சமூகத்தில் சமயம் எப்படி மாறுகிறது என்று கிரகத்தை வைத்துக் கேட்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. பெரிய மூளைகள் கேட்ட கேள்வி அது. அதற்கு எப்படிப் பதில் சொன்னார்கள், அந்தப் பதில் என்ன ஆயிற்று என்பதைப் பார்க்காமல் நான்கு பக்கம் எழுதியதுதான் என் புகார்.

ஐரோப்பாவில் நம் தொழில் செய்தவர்கள் இந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு என்ன செய்தார்கள்? 1484இல் விருச்சிகத்தில் குருவும் சனியும் சேர்ந்தார்கள். அதனால் சமயத்தைக் குலைக்கும் துறவி ஒருவன் வருவான் என்று எழுதி வைத்தார்கள். பிறகு மார்ட்டின் லூதர் வந்தார். ஆனால் அவர் பிறந்ததாக ஒப்புக்கொள்ளப்படுவது 1483 நவம்பர் 10. ஓராண்டு பிசகுகிறது. லூக்கா கௌரிகோ என்ற இத்தாலியச் சோதிடர் என்ன செய்தார் தெரியுமா? 1484 அக்டோபர் 22இல் பிறந்ததாக ஒரு ஜாதகம் போட்டு, அதிலிருந்து லூதரை மதத் துரோகி என்று பலன் சொல்லிவிட்டார். வேடிக்கை என்னவென்றால் லூதர் பக்கத்திலும் சிலர் இப்படித் தேதியை நகர்த்தி, நல்ல கட்டமாக அமைத்துக்கொண்டார்கள். எதிரிக்கு ஒரு பிறந்த நாள், ஆதரவாளருக்கு ஒரு பிறந்த நாள். நம்மிடமும் பிறந்த நேரத்தைத் திருத்தி விவாகப் பொருத்தம் கூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், தெரியாதது இல்லை. அங்கே ஒரு மதத்துக்கே அதைச் செய்தார்கள்.

1524இல் அதே இரண்டு பேர் மீனத்தில் சேர்ந்தார்கள். மீனம் என்றதும் வெள்ளம் என்று ஐரோப்பா முழுவதும் துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. பிப்ரவரியில் பிரளயம் என்றார்கள். வரவில்லை. ராசிகள் தொடங்கும் இடத்தில் அவர்களுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசமான அயனாம்சத்தைக் கழித்துப் போட்டுப் பாருங்கள், அந்தச் சேர்க்கை கும்பத்துக்குப் போய்விடும். நம் பக்கம் பேச ஒரு கதையும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன்: பியர் தெய்யி என்ற பிரெஞ்சுக் கர்தினால் 1414இல் எழுதியபோது, உலகம் அதுவரை இருந்தால் 1789 வாக்கில் சட்டங்களிலும் சமயங்களிலும் பெரிய மாறுதல் வரும் என்று குறித்து வைத்தார். அது புதுச்சேரி வரை வந்து எட்டிய பிரெஞ்சுப் புரட்சி. ஒன்று பலித்தது. பலிக்காத மற்றவற்றை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

இதையெல்லாம் பழைய கதை என்று தள்ளிவிடலாம். நம் கதைக்கே வருகிறேன், இதில் நானும் குற்றவாளி.

சார்வரி ஆண்டு மலருக்கு, அதாவது 2020 சித்திரைக்கு, சமயப் பலன் எழுதியது நான். மாசி மாதமே எழுதி அச்சகத்துக்குக் கொடுத்துவிட்டேன். குரு சொந்த வீடான தனுசில் நிற்கிறார் என்ற தைரியத்தில், ஆலயத் திருப்பணிகள் சிறக்கும், திருவிழாக்களில் கூட்டம் அலைமோதும், யாத்திரைகள் பெருகும் என்று எழுதினேன். மார்ச் கடைசியில் ஊரடங்கு. வைகாசியில் பாடலீஸ்வரர் தேர் நிலையிலேயே நின்றது. பெரிய கோயில்கள் செப்டம்பர் 1ஆம் தேதிதான் திறந்தன. நான் எழுதியதில் ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை. அடுத்த ஆண்டு மலரில் என் தவறை அரைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் அதைப் போடவில்லை. அதற்குப் பதில் '2019 டிசம்பரில் தனுசில் ஆறு கிரகங்கள் கூடியபோதே எச்சரித்தோம்' என்று முன்னுரையில் போட்டீர்கள். ஆறு கிரகம் கூடியது உண்மை. சூரிய கிரகணமும் அந்த 26ஆம் தேதிதான். எச்சரித்தது எந்தப் பக்கத்தில்? பழைய மலர்கள் எல்லாம் என் அலமாரியில் இருக்கின்றன. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

அப்பா இருந்திருந்தால் அந்த முன்னுரையைக் கிழித்திருப்பார். 1962 பிப்ரவரியில் மகரத்தில் எட்டுக் கிரகம் கூடியபோது அவருக்கு 21 வயது. உலகம் அழியப்போகிறது என்று ஊர் ஊராக யாகம் வளர்த்தார்கள். அவருடைய குருநாதர் வீட்டிலும் வசூல் நடந்தது. அஷ்டக்கிரகம் முடிந்த மறுநாள் காலையில் கெடிலத்தில் குளித்துவிட்டு வந்து, 'ஒன்றும் ஆகவில்லை. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்' என்று நோட்டில் எழுதினார். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. பணம் திரும்பிப் போனதா என்று அதில் எழுதவில்லை.

சனி விஷயத்தில் உங்கள் கணக்கு இன்னும் வேடிக்கை. திருக்கணிதம், வாக்கியம் என்று நம்மிடம் இரண்டு பஞ்சாங்கக் கணக்கு. திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போனது 2025 மார்ச் 29. வாக்கியப்படி அப்போது பெயர்ச்சி கிடையாது, 2026இல்தான் என்று திருநள்ளாறு கோயில் நிர்வாகம் அப்போதே அறிவித்துவிட்டது. விசுவாவசு ஆண்டு மலரில் நீங்கள் சனியை மீனத்தில் வைத்து, குருவின் வீட்டில் சனி, சமயத்துக்கு ஆபத்து என்று ஆண்டு முழுவதற்கும் எழுதினீர்கள். அப்புறம் இந்த ஆண்டு திருநள்ளாற்றுக்கு ஆள் சேர்த்துப் பேருந்து விட்டீர்கள். பலன் சொல்ல ஒரு பஞ்சாங்கம், பேருந்துக் கட்டணம் வாங்க ஒரு பஞ்சாங்கமா? ஏறக்குறைய ஒரு வருடம் ஒரே சனி இரண்டு ராசியில் நின்றிருக்கிறார். ஒரு ராசியில் நின்றால் மதத்துக்குச் சோதனை, மற்றதில் நின்றால் இல்லை. இதில் எந்தச் சனியை நம்பி அந்த இரும்புக்கடைக்காரர் கூட்டாளியைப் பிரிய வேண்டும்?

சமய மாற்றம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள நம் ஊரைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. திருப்பாதிரிப்புலியூர் ஒரு காலத்தில் பாடலிபுரம் என்ற சமணர் ஊர். லோகவிபாகம் என்ற சமண நூலை சர்வநந்தி என்ற முனிவர் பாடலிகை என்ற ஊரில் எழுதி முடித்தார். அந்த ஊர் நம் ஊர்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். சக ஆண்டு 380, கி.பி. 458. எழுதி முடித்த காலத்தை அந்த நூல் எப்படிக் குறிக்கிறது தெரியுமா? சனி உத்திராடத்தில், குரு ரிஷபத்தில் என்று. ஒரு சமணத் துறவி நம் தெருவில் உட்கார்ந்து நம்மைப்போலவே கட்டம் போட்டிருக்கிறார். அவருக்கு அது நாள்காட்டி. நூல் எப்போது முடிந்தது என்று சொல்ல மட்டும் வேண்டியிருந்தது. இதைவிடப் பழைய கிரக நிலைக் குறிப்பு நம் வட்டாரத்துக்கு வேறு என்ன வேண்டும்? மலரில் ஒருமுறையாவது இதைப் போட்டிருக்கிறோமா?

திருவாமூரில் பிறந்த மருள்நீக்கியார், பின்னாளில் நாம் அப்பர் என்று சொல்கிறவர், அந்தப் பாடலிபுரத்துக்கு வந்து சமணராகித் தருமசேனர் ஆனார். பிறகு சூலை நோய் வந்து, திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரிடம் போய், சைவராகத் திரும்பினார். பல்லவ மன்னனும் பின்னாலேயே மாறினான். கல்லில் கட்டிக் கடலில் போட்டபோது கரையேறிய இடம் என்று கரையேறவிட்டகுப்பத்தை இன்றும் காட்டுகிறோம். ஒரே மனிதர் அங்கே போய் இங்கே வந்திருக்கிறார். போனதற்கு எந்தக் கிரகம், வந்ததற்கு எந்தக் கிரகம்? பெரியபுராணம் படித்தவர்களுக்கு ஒரு வயிற்று வலியும் ஓர் அக்காவும்தான் தெரியும்.

அதே அப்பர்தான் வேதாரண்யத்தில் சம்பந்தரை மதுரைக்குப் போகவிடாமல் தடுத்தார், கோள்கள் சரியில்லை என்று. சமணரோடு வாது செய்யப் போகும் பயணம், சமயப் பலன் கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான நேரம் உண்டா? ஒன்பது பேரையும், பாம்பு இரண்டையும் சேர்த்தே, நல்ல நல்ல என்று பாடிவிட்டுச் சம்பந்தர் கிளம்பினார். அந்தக் கோளறு பதிகத்தை நம் மலரின் பின் அட்டையில் ஆண்டுதோறும் அச்சிடுகிறோம். 16ஆம் பக்கத்தில் ராகுவைக் காட்டிப் பயமுறுத்திவிட்டுப் பின் அட்டையில் பாம்பிரண்டும் நல்ல என்கிறோம். அச்சுக்கோர்த்தவராவது சிரித்திருப்பார்.

'அறுபது ஆண்டுச் சுற்றில் வரலாறு திரும்பும்' என்று கட்டுரையில் ஒரு வரி வருகிறது. போன பராபவம் 1966-67. அந்த ஆண்டின் கடைசியில் ஆட்சி மாறி 'நாத்திகம் அரியணை ஏறியது', ஆகவே இப்போதும் அப்படி ஒரு தாழ்வு என்கிறீர்கள். அதற்குப் பிறகு இந்த ஊரில் என்ன நடந்தது என்று பார்த்தவர்கள் நாம். ஐயப்பனுக்கு மாலை போடுகிறவர்கள் பெருகினார்கள். செவ்வாடை வந்தது. பிரதோஷத்துக்கு நாலு பேர் நின்ற இடத்தில் நிற்க இடமில்லாமல் போயிற்று. தாழ்வு எங்கே வந்தது? இன்னொன்று: 1748 செப்டம்பரில் புதுச்சேரியில் வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளெக்ஸ் காலத்தில் இடித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் அந்த வேதனை இருக்கிறது. அது விபவ ஆண்டு. ஆங்கிலேயர் முற்றுகை ஒரு பக்கம், கோயிலை எடுத்துவிட வேண்டும் என்று பாதிரிமார் பல வருடமாகக் கொடுத்த நெருக்கடி மறுபக்கம். காரணம் எல்லாம் மண்ணில் இருந்தது. சுற்று திரும்பி 1988இல் விபவம் வந்தபோது நான் புதுச்சேரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மாதா கோயில் மணியும் ஈஸ்வரன் கோயில் மணியும் தத்தம் நேரத்துக்கு அடித்தன. விடுதி உணவு மோசமாக இருந்தது. வேறு சமயச் சோதனை எதுவும் நினைவில்லை.

வெட்டி இடிப்பது மட்டும் சமய வரலாறு இல்லையே. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து பூவராகப் பெருமாள் கிள்ளைக்கு வரும்போது, தர்கா சார்பில் முஸ்லிம்கள் எதிர்கொண்டு மரியாதை செய்கிறார்கள். நம் மாவட்டத்திலேயே நடப்பது. வில்லியனூர் தேரை அந்நாளில் பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்தார். இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். வடலூரில் வள்ளலார் சாதி சமயம் பார்க்காமல் சோறு போட அடுப்பு மூட்டியது பிரபவ ஆண்டு வைகாசி 11, அதாவது 1867. அது இன்னும் அணையவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று தேவனாம்பட்டினத்தில் பிணம் எடுத்த கை இது. பரங்கிப்பேட்டை முஸ்லிம்கள் பக்கத்துக் குப்பங்களுக்கு அண்டா அண்டாவாகச் சமைத்து அனுப்பியதை நேரில் பார்த்தேன். இவற்றுக்கெல்லாம் நான்கு பக்கத்தில் ஒரு வரி கூட இடமில்லை. எந்தக் கிரகத்தின் கணக்கில் எழுதுவது என்று தெரியவில்லையோ என்னவோ.

பண்பாடு மாறுகிறது, அது உண்மை. அதில் நம் பங்கைச் சொல்ல நமக்குத்தான் வாய் வரவில்லை. என் சிறு வயதில் குருப்பெயர்ச்சி என்றால் அப்பாவைத் தேடி நாலு பேர் வருவார்கள். இன்றைக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் லட்சார்ச்சனை, சிறப்புக் கட்டணம், நேரலை. அட்சய திருதியைக்கு நகைக்கடை வாசலில் வரிசை நிற்கிறது. என் பாட்டி அந்த நாளில் தானம்தான் கொடுத்தாள், ஒரு குந்துமணி தங்கம் வாங்கியதில்லை. குலதெய்வக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தவனை, உனக்கு ராகு சரியில்லை என்று மூன்று மாவட்டம் தாண்டி அனுப்பியது யார்? நாம்தான். பரிகாரத் தலம் என்று எழுதி எழுதி அனுப்பிவிட்டு, குலதெய்வ வழிபாடு குன்றும் என்று இப்போது பலனும் சொல்கிறோம். கலப்பு மணம் கூடியதற்குக் கல்லூரியும் வேலையும் கைப்பேசியும் போதும்; அந்தப் பிள்ளைகளின் ஜாதகத்தைக் கொண்டுவந்தால் நாம் பொருத்தம் பார்த்துத் தட்சிணை வாங்காமலா இருக்கிறோம்?

இத்தனைக்கும் நான் தொழிலை விடவில்லை. ஒரு மனிதன் பிறந்த நேரத்தைக் கொடுத்தால் உட்கார்ந்து பார்க்கிறேன், அவனோடு பேசுகிறேன், தவறினால் அவன் திரும்பி வந்து கேட்கிறான். ஒரு மதத்துக்கு எது பிறந்த நேரம்? எந்த லக்னத்துக்கு ஒன்பதாம் வீடு பார்த்தீர்கள்? தவறினால் உங்களிடம் யார் திரும்பி வந்து கேட்பார்கள்?

நான் கேட்பது இவை. அச்சகத்தில் 600 பிரதி மீதி இருப்பதாகக் கேள்வி. வைகாசித் திருவிழாவில் கோயில் வாசலில் கொடுப்பதற்கு வைத்திருக்கிறீர்கள். அவற்றிலிருந்து 14 முதல் 17 வரையிலான பக்கங்களை எடுத்துவிட்டுக் கொடுங்கள். மூன்று தாள்தான், பிரித்தெடுப்பது ஒரு நாள் வேலை, ஆள் இல்லையென்றால் நான் வருகிறேன். ஏற்கெனவே போய்விட்ட பிரதிகளுக்காக, அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், எந்தக் கிரகத்தையும் எந்த மதத்தாருக்கும் காரகமாகச் சொல்வது சங்கத்தின் கருத்து இல்லை என்று தலைவர் கையெழுத்தோடு ஓர் அறிவிப்பு வேண்டும். மலர் விற்ற கடைகளில் எல்லாம் அது ஒட்டப்பட வேண்டும். கட்டுரை எழுதியவர் யார் என்று உறுப்பினர்களுக்காவது சொல்லுங்கள். பரிகாரத்துக்குக் கொடுத்த தொலைபேசி எண்ணை அழைத்து யாராவது பணம் கட்டியிருந்தால் அதைத் திருப்பிக் கொடுங்கள்.

அடுத்த மலரிலிருந்து நாட்டுப் பலன் எழுதுகிறவர் பெயர் போட வேண்டும், வாக்கியமா திருக்கணிதமா என்று முதல் வரியிலேயே சொல்ல வேண்டும், போன ஆண்டு சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும். முதல் கணக்காக 2020இல் நான் எழுதியதையே போடுங்கள். அந்த அரைப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

தலைவர் ஐயாவுக்குத் தனியாக ஒன்று. முதுநகர் இரும்புக்கடைக்கு ஒரு நடை போய்வாருங்கள். நான் சொன்னது அவருக்குப் பாதிதான் ஏறியிருக்கிறது. 'புக்குல போட்டவங்க' வந்து சொன்னால் முழுதும் ஏறும். கூட்டாளியும் கடையில் இருக்கும்போது போங்கள். பூக்கார அம்மாவுக்கு நான் பதில் சொல்லிவிட்டேன், அவர் செவ்வாய்க்கிழமை வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கிறார்.

வைகாசிக் கொடியேற்றத்துக்கு முன் எழுத்தில் பதில் வேண்டும். வரவில்லையென்றால் 3ஆம் பக்கத்தில் நிறுவனர்கள் வரிசையில் இரண்டாவதாக இருக்கும் படத்தை இனிமேல் போடாதீர்கள். அதன் அசல் அம்மா உங்களுக்குக் கொடுத்தது. ஓரம் மடங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
திருப்பாதிரிப்புலியூரிலிருந்து உங்கள் சங்கத்து உறுப்பினன்